லிஃப்டின் மேல் உட்கார்ந்திருப்பவர்

கைகளை இரண்டு முறை துடைத்த பிறகுதான் மவுத் ஆர்கனைத் தொடுகிறார். முதல் முறை கிரீஸ் போவதற்காகப் பழந்துணியில். இரண்டாம் முறை சட்டையின் உள்பக்கத்தில். பிறகு லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெட்டியை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அமுங்கியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு ஊதத் தொடங்குகிறார். மேலே இருட்டு, கீழே இருட்டு. நடுவில் கம்பி வலைக்குள் ஒரு சிறிய பல்பு. விரல் தடிமனில் இரும்புக் கயிறுகள் எண்ணெய் மினுக்கத்தோடு அவர் தோளை ஒட்டி மேலே போகின்றன.

என்ன பாட்டு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. எங்கோ கேட்ட ஒன்றின் பாதி, இன்னொன்றின் மீதி. மெதுவாகப் போகும். போகிற போக்கில் ஓரிடத்தில் சத்தம் அற்றுவிடும். அந்த மவுத் ஆர்கனில் ஒரு ஓட்டை ஊமை. உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு உடைந்து பல வருடமாகிறது. அந்த ஸ்வரம் வரவேண்டிய இடத்தில் வெறும் காற்றை இழுத்துவிட்டு, வந்துவிட்டதாகவே கணக்கு வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

லிஃப்ட் ஏறி இறங்கும் அந்தச் செங்குத்துக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் உலகத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் கட்சி. "உள்ள உக்காந்து கத்தினாக்கூட வெளிய ஒரு ஈக்குக் கேக்காது" என்பார். வேலை தெரிந்தவர் சொல்வதால் யாரும் மறுத்துப் பேசியதில்லை.

தலை நரைக்கும்வரை ஒரே கம்பெனியில் மெக்கானிக். எல்லோருக்கும் லிஃப்ட்காரர். வங்கி, துணிக்கடை, இரண்டு ஹோட்டல், பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் அவர் பொறுப்பு. ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒரு குணம் வைத்திருக்கிறார். துணிக்கடை லிஃப்ட் பேராசைக்காரன், எத்தனை பேர் ஏறினாலும் போதாது. வங்கி லிஃப்ட் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குமூஞ்சி. ஆஸ்பத்திரி லிஃப்டைப் பற்றி மட்டும் எதுவும் சொல்ல மாட்டார். "அது பாவம்" என்று நிறுத்திக்கொள்வார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதல் வேலை, மூடிய கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பது. பார்ப்பவர்களுக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் இருக்கும்.

யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் கம்பெனி அவரைத்தான் அனுப்பும். அவரைவிட வேகமாகக் கதவைத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் வந்து சேர்ந்தால் உள்ளே இருப்பவர்கள் கத்துவதை நிறுத்திவிடுவார்கள். கதவிடுக்கில் வாயை வைத்து, அவசரமே இல்லாத குரலில் பேசுவார். "பயப்படாதீங்க. காத்து வருது, மூச்சு முட்டாது. நான் இங்கதான் நிக்கறேன். எங்கயும் போகமாட்டேன். மதியம் என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க." ஒருமுறை துணிக்கடையில் மாட்டிய ஒரு பெண்மணி, கதவு திறந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்த கதையை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

வீட்டில் அந்தக் குரல் வருவதில்லை. வீட்டில் பேசுவது மனைவியின் வேலை என்று எப்போதோ பிரித்துக்கொண்டார்கள். அவள் பட்டன், நூல், லேஸ், பிளாஸ்டிக் வயர் விற்கும் கடையில் நின்றபடியே வேலை பார்த்தவள். வாடிக்கையாளர் சட்டையை விரிப்பதற்குள் அதற்குப் பொருந்தும் பட்டனை எடுத்து வைத்துவிடுவாள். வாயும் அதே வேகம். கடை மூடி வந்து சமைத்துக்கொண்டே அன்று வந்தவர்களை ஒவ்வொருவராக நடித்துக் காட்டுவாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே "ம்" கொட்டுவார். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறை இருந்ததில்லை, அவள் வயிறு வீங்கத் தொடங்கும்வரை.

கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தார்கள். அது போதாது என்றார்கள். அவர் லிஃப்ட் பார்க்கும் அதே ஆஸ்பத்திரியின் நான்காம் மாடியில், ஜன்னலை ஒட்டிய படுக்கையில், மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது.

வயர்க் கூடை பின்ன ஆரம்பித்தது அவள்தான். சும்மா படுத்திருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று கடையிலிருந்து இரண்டு கட்டு வயர் வரவழைத்தாள், பச்சையும் வெள்ளையும். அடி போட்டு, சுற்றுச் சுவர் நான்கு விரல் உயரம் வந்திருக்கும். மருந்தின் வேகத்தில் விரல் நுனிகள் மரத்துப்போயின. வயர் கையில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை. முடிச்சு இறுகவில்லை. கூடையைத் தூக்கிக் கணவன் மடியில் போட்டாள்.

"நீங்க இழுங்க. நான் சொல்றேன்."

"எனக்கா? எனக்கு இதெல்லாம் வராதும்மா."

"ஆளைத் தூக்கற கயித்தையே இழுத்துக் கட்டறீங்க. தக்காளி தூக்கற கூடை வராதா?"

வந்தது. அளவுக்கு மேலேயே வந்தது. குறடால் பிடித்து அவர் இறுக்கிய முடிச்சில் ஊசிகூட நுழையாது. கூடை முடிந்ததும் படுக்கைமேல் வைத்தாள். தகர டப்பா மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது.

"கூடைன்னா கொஞ்சம் மூச்சு விடணுங்க. இதுல தண்ணி பிடிச்சு வைக்கலாம் போல இருக்கே."

அடுத்த கூடைக்கு அவரே வயர் வாங்கி வந்தார். அதற்கடுத்ததற்கும். ஒரு முடிச்சு, பக்கத்தில் இன்னொரு முடிச்சு, வரிசை முடிந்தால் மேலே ஒரு வரிசை. கை போகிற வழியில் மனமும் போயிற்று. காலையிலிருந்து நெஞ்சுக்குழியில் உட்கார்ந்திருந்த கல் மூன்றாவது வரிசையில் சற்று நகரும். உதடுகள் தாமாகக் குவிந்து அந்தப் பாட்டைச் சத்தமில்லாமல் ஊதிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்தால் மனைவிக்குப் புற்றுநோய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பழுது பார்த்த லிஃப்ட் முதல் தடவை ஏறும்போது காது கொடுத்து நிற்பாரே, அந்த முகம். கொஞ்ச நாளில் நான்காம் மாடி சிஸ்டர்கள் எல்லோர் கையிலும் அவர் கூடை. நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் அவர் கூடையில் நிமிர்ந்து நின்றன. ஹெட் சிஸ்டர் தன் கூடையை வீட்டுக்கு எடுத்துப்போய், மருமகள் கேட்டும் கொடுக்கவில்லையாம்.

இதில் யாருக்கும் வருத்தமில்லை, ஒருத்தியைத் தவிர. "அந்தக் கையால என் கையையும் கொஞ்சம் பிடிக்கலாம். நான் என்ன, வயரை விட வழுக்கவா செய்யறேன்?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அவர் உடனே கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு அவள், "ஏங்க, ஒண்ணு சொல்லணும். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று தொடங்கினாள்.

அவர் தலையைத் தூக்கிக் காற்றில் காது கொடுத்தார். "மிஷின் ரூம்ல ஏதோ உரசற சத்தம் கேக்குது. பார்த்துட்டு வந்துடறேன்."

மிஷின் ரூம் எட்டாம் மாடிக்கு மேலே மொட்டைமாடியில் இருக்கிறது.

டாக்டரிடமும் இதே கதைதான். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். சின்ன டாக்டர் என்று எல்லோரும் கூப்பிடும் இளம்பெண்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விவரமாகச் சொல்வாள். அவள் நாற்காலியில் கை வைத்ததும் இவர் எழுந்துவிடுவார். கதவு உரசுகிறது, கயிறு தளர்ந்திருக்கிறது, கீழே குழியில் தண்ணீர் கசிகிறது. சாக்குக்கா பஞ்சம்? இப்படியே போய், அந்தப் பழைய லிஃப்ட் புதுசு மாதிரி வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அதை ஓட்டும் ஆப்பரேட்டர் நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவர், அதனாலேயே ஸ்டூல்காரர். வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார்: "இந்த லிஃப்டுக்கு ஒரு நோயும் கிடையாதுங்க. ஆனா வாரத்துக்கு ரெண்டு ஆபரேஷன் நடக்குது."

உண்மையில் நடப்பது என்னவென்று ஸ்டூல்காரருக்கும் தெரியும். பெட்டியை நான்காம் மாடியில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, குறுக்கே சங்கிலி மாட்டி ரிப்பேர்ப் பலகையைத் தொங்கவிட்டு, ஐந்தாம் மாடிக்கு நடந்து ஏறி, அங்கிருக்கும் கதவைச் சாவியால் திறந்து லிஃப்ட்காரர் பெட்டியின் கூரைமேல் இறங்குவார். இரண்டு நிமிடம் ஸ்பேனர் சத்தம் கேட்கும். அதன் பிறகு மவுத் ஆர்கன்.

ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்.

அவர் கணக்கில் விட்டுப்போனது இதுதான். கூண்டுக்கு மாடிக்கு ஒரு கதவு. கதவுக்குக் கதவு விரல் நுழையும் இடுக்கு. மொத்தத்தில் அது ஆள் உயரக் கதவுகளை ஓட்டைகளாகக் கொண்ட ஒரு பெரிய குழல். இத்தனை வருடம் கூண்டுக்கு உள்ளேயே இருந்து ஊதியவருக்கு வெளியே நின்று கேட்க வாய்ப்பு வரவில்லை. பிரசவ வார்டில் கேட்டது. அடித்தளத்துச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்குக் கேட்டது. நான்காம் மாடியில், லிஃப்டுக்கு அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர்களுக்குக் காதில் வாய் வைத்து ஊதுவதுபோல் கேட்டது.

முதல் நாளே ஹெட் சிஸ்டர் அவரிடம் சொல்லப் போனாள். மனைவிதான் தடுத்தாள். "யாரும் அவர்கிட்ட சொல்லக்கூடாது. சொன்னா நிறுத்திடுவார். கூச்ச சுபாவம்." அதோடு சேர்த்து, "சொன்னவங்களுக்குக் கூடை கிடையாது" என்றாள். வார்டே வாயை மூடிக்கொண்டது.

பக்கத்துப் படுக்கையில் அப்போது ஒரு தபால்காரம்மா இருந்தாள். சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்ந்தவள். ஊமை ஸ்வரம் வருகிற இடத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டே அதை மெல்ல முனகி நிரப்புவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. பிறகு அந்தப் படுக்கைக்கு வேறு விரிப்பு வந்தது, வேறு ஆள் வந்தாள். அதற்குப் பிறகு அந்த இடம் காலியாகவே போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் வார்டில் யாராவது ஒருவர் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மகள் போன் செய்வாள். கைக்குழந்தையோடு வேறு ஊரில் இருக்கிறாள்.

"அம்மா எப்படிப்பா இருக்காங்க?"

"நீலத்துல ஒண்ணு பின்னிட்டிருக்கேன். கைப்பிடி போடணும்."

"அப்பா, நான் அம்மாவைக் கேட்டேன்."

"பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம். குழந்தை பால் குடிச்சிதா?"

அம்மாவிடம் கேட்டால் "அப்பாவைக் கேளு" என்பாள். மகள் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி, அவளிடம் எதற்கு இப்போது என்று அவர் முதலில் சொன்னது பிறகு பழக்கமாகிவிட்டது. மகளுக்கு இன்றுவரை தெரிந்ததெல்லாம் அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது, தேறி வருகிறாள், அப்பாவுக்குப் புதிதாகக் கூடைப் பைத்தியம்.

கடைசி ஸ்கேன் எடுத்த பிறகு ஒருநாள் முற்பகல், சின்ன டாக்டர் கையில் உறையோடு வந்து நாற்காலியை இழுத்தாள். அவர் இடம் காலி. ஒரு கூடை மட்டும் பாதியில் நின்றுகொண்டிருந்தது.

"அவர் எங்கம்மா?"

"மேல போயிட்டார்" என்றாள் மனைவி. டாக்டர் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு, "பதறாதீங்க. லிஃப்டுக்கு மேல" என்றாள்.

சுவருக்குள்ளிருந்து மவுத் ஆர்கன் தொடங்கியது. டாக்டர் உறையைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குச் சொல்லுங்க. என் வயித்துல இருக்கறது எனக்குத் தெரியக்கூடாதா?"

டாக்டர் சொன்னாள். மருந்து பிடிக்கவில்லை. ஈரலில் வந்துவிட்டது. வயிற்றில் மறுபடி தண்ணீர் கோத்திருக்கிறது. இன்னொரு மருந்து இருக்கிறது, கொடுத்தால் கொஞ்ச காலம் தள்ளிப்போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்தக் கொஞ்ச காலமும் பெரும்பாலும் இந்தப் படுக்கையில்தான்.

"வேணாம்னா?"

"வீட்டுக்குப் போகலாம். வலி தெரியாம இருக்க மருந்து தருவோம். சிஸ்டர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து பார்த்துக்குவாங்க."

"அப்ப வீடுதான்."

"உங்க வீட்டுக்காரர்கிட்ட பேசணுமேம்மா. அவர் எங்க கையில சிக்கவே மாட்டேங்கறார்."

"என் கையில மட்டும் சிக்கறாரா? நான் வாயைத் திறந்தாலே ஸ்பேனரைத் தேடறார்." கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு நடுவில் அறுந்து, மறுபடி தொடர்ந்தது. "என்னை எழுப்பி விடுங்க" என்றாள்.

ஹெட் சிஸ்டர் ஒரு பக்கம் தாங்க, இன்னொரு கையால் சொட்டு மருந்துக் கம்பத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வார்டின் வாசல்வரை வந்தாள். அங்கிருந்து லிஃப்ட் பத்தடி. அதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். வெளியே சுவரில் சாய்ந்திருந்த ஸ்டூல்காரர் பதறி வாயைத் திறந்தார். அவள் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுச் சங்கிலியைக் கழற்றச் சொன்னாள். உள்ளே போய் ஸ்டூல்காரரின் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சிஸ்டரைக் கையால் விலகச் சொன்னாள். தலைக்கு மேலே, தகரத்துக்கு அந்தப் பக்கம், பாட்டு போய்க்கொண்டிருந்தது. கூரையில் தட்டக் கம்பத்தைத் தூக்க முயன்றாள், முடியவில்லை. செருப்பைக் கழற்றிப் பக்கச் சுவரில் தட்டினாள்.

பாட்டு நின்றது.

"யாருங்க? ரிப்பேர் நடக்குது. இறங்கிடுங்க."

"நான்தான்."

மேலே எதுவோ உருண்டது.

"நீ எதுக்கு இங்க வந்தே? இரு, இறங்கி வரேன்."

"வரவேணாம். அங்கயே இருங்க. வந்தா என் மூஞ்சியைப் பார்ப்பீங்க. பார்த்தா வேற ஏதாவது சத்தம் கேக்கும் உங்களுக்கு."

மேலே ஸ்பேனரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நான் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேங்க" என்றாள் அவள். "மாட்டிக்கிட்டவங்களுக்கு ஏதோ சொல்வீங்களாமே. ஊரே பெருமையாச் சொல்லுது. எனக்கும் சொல்லுங்க, கேப்போம்."

"கதவு திறந்துதானே இருக்கு?"

"சொல்லுங்களேன்."

மேலிருந்து குரல் வந்தது. அந்தப் பழைய, அவசரமில்லாத குரலாகத்தான் புறப்பட்டது. "பயப்படாதீங்க. காத்து வருது..." அதற்கு மேல் வரவில்லை.

"சரி விடுங்க. நான் சொல்றேன். மருந்து வேலை செய்யல. ஈரலுக்கு வந்துடுச்சு. வேற மருந்து தரேன்னாங்க. வேணாம்னுட்டேன்."

"யாரைக் கேட்டு வேணாம்னே?" கூண்டு முழுக்க எதிரொலித்தது. ஐந்தாம் மாடியில் யாரோ கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"என் உடம்பைக் கேட்டு."

"கொடுத்துப் பார்க்கலாம்மா. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை பார்க்கலாம்."

"பார்த்தாச்சுங்க. நான்தான் பார்த்தேன். நீங்க கூடையைப் பார்த்துட்டிருந்தீங்க."

ஸ்டூல்காரர் நகர்ந்து மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டார். ஹெட் சிஸ்டர் வார்டுக் கதவைச் சாத்தினாள், ஆனால் உள்ளே போகவில்லை.

"தப்பு சொல்லலை" என்றாள் மனைவி, குரலை இறக்கி. "அது உங்களுக்கு வேணும்னு எனக்குத் தெரியும். கூடை இல்லேன்னா நீங்க விழுந்திருப்பீங்க. நானும் எத்தனை நாளு, சரி, இந்தக் கூடை முடியட்டும், அப்புறம் பேசலாம்னு இருந்தேன். முடிச்ச கையோட அடுத்ததுக்கு அடி போட்டுடறீங்க."

மேலே மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அவர் கேட்டார்: "நான் ஊதறது உனக்குக் கேக்குமா?"

"எனக்கா? கீழ சமையல் ரூம்ல கேக்குதாம்."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து."

"அடப்பாவி. ஏன் சொல்லலை?"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்க. எனக்கும் ஏதாவது வேணுமில்ல."

இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. மென்று விழுங்கப் பார்த்து, முடியாமல் கேட்டுவிட்டார். "அழறதும் கேக்குமா?"

"அது மூணாவது மாடி வரைக்கும்தான்."

அவர் சிரித்தாரா, அழுதாரா என்று வெளியே நின்றவர்களால் சொல்ல முடியவில்லை. தகரம் அதிர்ந்தது மட்டும் தெரிந்தது. பிறகு மேலே தாழ்ப்பாள் நகர்ந்தது. பெட்டியின் கூரையில், ஆபத்து நேரத்தில் மட்டும் திறக்கும் சதுர மூடி ஒன்று உண்டு. அது தூக்கப்பட்டு, இருட்டுக்கு நடுவில் அவர் முகம் வந்தது. மூக்கின்மேல் கிரீஸ். அவளை இதுவரை அவர் நேர் மேலிருந்து பார்த்ததில்லை. முடி கொட்டி, மறுபடி முளைக்கத் தொடங்கிய பூனைமயிர்த் தலை. அதற்குக் கீழே தோள் எலும்புகள். அவற்றுக்கும் கீழே ஸ்டூலின் விளிம்பில் வழியும் வயிறு. பார்வையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவள் கழுத்தை அண்ணாந்தாள். "விழுந்து தொலைக்காதீங்க. தாங்கற தெம்பு இல்ல எனக்கு."

"வலிக்குதா?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் டாக்டரோ சிஸ்டரோ கேட்காத நாளில்லை. அவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

"வலிக்குதுங்க. ரொம்ப வலிக்குது."

"சரி" என்றார். "வீட்டுக்குப் போகலாம்."

"அவகிட்ட யார் சொல்றது?"

மகளைத்தான் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. "நீ சொன்னாத்தான் அவ கொஞ்சம்..."

"நான் மாட்டேன். என்னால இதுக்கு மேல யாரையும் சமாதானம் பண்ண முடியாது. எனக்கு நீங்க ஆறுதல் சொல்லாதது சொல்லாததாவே இருக்கட்டும், பரவாயில்ல. அவளுக்கு நீங்கதான் சொல்லணும். பார்த்துக்கலாம்னு சொன்னீங்க, நான் மறுபடி வந்து தட்டுவேன்."

மாடிப்படியிலிருந்து ஸ்டூல்காரர் தயங்கித் தயங்கிக் குரல் கொடுத்தார். "சார், கீழ ஸ்ட்ரெச்சர் நிக்குது. ஆபரேஷனுக்குப் போகவேண்டிய ஆளாம்."

"இதோ, விட்டுடறேன்" என்றார் லிஃப்ட்காரர். "முதல்ல அம்மாவை மெதுவா இறக்குங்க."

மறுநாள் காலை பில்லைக் கட்டி, மருந்துகளை வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். ஹெட் சிஸ்டர் வாசல்வரை வந்தாள். அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வீடு மூன்றாம் மாடி. கீழ்வீட்டு இஸ்திரிக்காரரும் அவரும் அவளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போனார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்தார்கள். இரண்டாம் திருப்பத்தில் இஸ்திரிக்காரர், "என்னம்மா, கட்டினவர் லிஃப்ட் கம்பெனி, வீட்டுக்கு ஒண்ணு போடக்கூடாதா?" என்றார். அவளுக்குச் சிரிக்க மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினாள்.

கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தினார். வலி மருந்தை எப்படிக் கொடுப்பது என்று வீட்டுக்கு வந்த சிஸ்டர் காட்டினாள். அவர் ஒருதரம் கொடுத்துக் காட்டினார். சரி என்று சொல்லிவிட்டு அவள் போனாள். மதியம் மனைவி ரொட்டியைப் பாலில் தொட்டு இரண்டு வாய் சாப்பிட்டாள், பாதி வெளியே வந்தது. துடைத்தார். விரிப்பை மாற்றினார். கழற்றிய விரிப்பை அலசிக் காயப்போட்டார். கம்பெனியிலிருந்து போன் வந்தது, வரமாட்டேன் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டார்கள். தெரியாது என்றார்.

வெயில் கட்டிலைவிட்டு நகர்ந்த பிறகு மகளுக்குப் போன் செய்தார். அந்த நேரத்தில் அவர் கூப்பிடும் வழக்கமில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்னப்பா, இந்த நேரத்துல?"

"அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"அப்பாடா. தேவலையா?"

"இல்லம்மா. அவளுக்குப் புத்துநோய். ஆபரேஷனுக்கு முன்னாடியே தெரியும், உன்கிட்ட மறைச்சுட்டோம். ஈரல் வரைக்கும் வந்துடுச்சு. மருந்தை நிறுத்தியாச்சு. இனிமே சரியாகாது. குழந்தையைத் தூக்கிட்டுக் கிளம்பி வா."

மகள் கத்தினாள். ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பின்னால் குழந்தையும் விழித்துக்கொண்டு அழுதது. அவர் பார்த்துக்கலாம் என்று சொல்லவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்கவும் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை. அவளது ஒரு பாதம் போர்வைக்கு வெளியே வந்திருந்தது. இன்னொரு கையால் போர்வையை இழுத்து அதை மூடினார்.